எதிர் நாற்காலி

தோனிபானே
ஜூலை 11

அன்புள்ள மயாலென்,

நான் சுகம். உன் சுகத்தையும் ஒயானாவின் சுகத்தையும் குட்டி லோரேயின் சுகத்தையும் நேற்று தொலைபேசித் திரையிலேயே பார்த்துவிட்டேன். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவர், இப்போது எதற்குத் தாள் எடுத்து எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வராத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான்.

எரமுன் வந்திருந்தான். உன் எரமுன். ‘உன்’ என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பிள்ளைகளை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதச் சொல்லியே காலம் கழித்தவன், அதனால் விட்டுவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை நம் விரிகுடாவில் ஒரு சுற்றுலாக் கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து காலையில் இறங்கி, மாலையில் ஏறிப் போய்விட்டான். போகும்போது உன்னிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வியை என்னிடம் விட்டுப் போனான்.

அக்டோபரில் புவெனஸ் அயர்ஸில் முஸ் போட்டி வைக்கிறார்களாம். எங்கெங்கோ போய்க் குடியேறிய நம் ஆட்கள் எல்லோரும் வந்து சீட்டாடப் போகிறார்கள். அதில் அந்தக் காலம் மாதிரியே அவனுக்குக் கூட்டாளியாக நீ உட்காருவாயா? இதுதான் கேள்வி.

நீ இப்போது நம் பெண் ஒயானா வீட்டில், மோந்தேவீதியோவில், ஆற்றின் ஒரு கரையில் இருக்கிறாய். அவன் வீடு எதிர்க்கரையில், அதே புவெனஸ் அயர்ஸில். காலையில் படகு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அவன் வாசலில் நிற்கலாம். இது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இந்தக் கேள்வியையும் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இன்று காலை வரை இருந்தேன். இதோ, எழுதிவிட்டேன். இனி என் கை கொஞ்சம் இளகும், நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று துறைமுகத்தில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். கப்பல்காரர்களைச் சின்னப் படகுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். நீ பார்த்ததுதானே, சட்டையில் எண் எழுதிய வில்லையை ஒட்டிக்கொண்டு, வகுப்பு வாரியாக வரிசையில் போகிற பிள்ளைகள் மாதிரி கொடி பிடித்தவள் பின்னால் போவார்கள். ஒருவர் மட்டும் வரிசையை விட்டு விலகி, பிஸ்கட் கடை முன்னால் நின்றார். கடைப் பெண் அவர் கையில் ஊர் வரைபடம் ஒன்றைத் திணித்து, கடற்கரைக்கு எப்படிப் போவது என்று விரலால் காட்டினாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம் மொழியில், “நல்லதும்மா. இந்தக் கடற்கரையிலதான் உங்க தாத்தா என் செருப்பைத் திருடினாரு” என்றார். குரலைக் கேட்டதும் எனக்கு நெத்திலிப் பொட்டலம் கனத்துவிட்டது.

என்னைப் பார்த்து, “யோவ் வாத்தியாரே!” என்று கட்டிக்கொண்டான். தலைமுடி அத்தனையும் இருக்கிறது, மயாலென். வெள்ளையாகத்தான், ஆனால் அத்தனையும். அது ஒரு நியாயமா? நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தை விட்டாயா என்று கேட்கவில்லை. முதல் கேள்வி, “மயாலென் எங்க?”

“அமெரிக்காவுல, பொண்ணு வீட்ல” என்றேன். நம் ஊரில் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அமெரிக்காதானே. ஆடு மேய்க்கப் போனவனுக்கும் ரொட்டி சுடப் போனவனுக்கும் ஒரே விலாசம். அவனும் இந்த ஊர்க்காரன், மேற்கொண்டு கேட்கவில்லை. வடக்கே எங்கோ பனிப் பக்கம் என்று நினைத்துக்கொண்டான். “அவ்ளோ தூரமா?” என்றான். முகம் வாடியது. அப்போதுதான் கவனித்தேன்: பாதிதான் வாடியது. வலது பக்கம் அப்படியே இருந்தது, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததாம். கைகால் திரும்பிவிட்டது, முகம் மட்டும் பாதிவழியில் நின்றுவிட்டது.

இரக்கம் வந்தது. வந்தது என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் உட்காருவதில்லையா, அந்த மாதிரி, இரக்கம் வந்து உட்கார்ந்ததால் பொறாமை எழுந்து போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு அழைத்து வந்தேன். நம் பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துப் பதினைந்து வருடமாகக் குரைக்கிறது, அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சமையலறைக்குள் வந்தவன், யாரும் சொல்லாமலே ஜன்னலோரம் உன் நாற்காலியை இழுத்தான். “அது வேணாம், கால் ஆடுது” என்று வேறொன்றைப் போட்டேன். நெத்திலியை வதக்கிப் பூண்டும் மிளகாயும் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, “மயாலென் கைமணம் அப்படியே இருக்கு” என்றான். இந்த வீட்டில் நெத்திலி வதக்குவது எந்தக் காலத்திலும் நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. ரொட்டியைக் கடித்துக்கொண்டேன்.

பிறகுதான் போட்டி விஷயத்தைச் சொன்னான். அங்கே அவனுடன் யாரும் ஆடுவதில்லையாம். ஏன் என்று உனக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் விளக்கம் இல்லாமல் எழுத என் கைக்குத் தெரியாது, பொறுத்துக்கொள். முஸ் ஆட்டத்தில் வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு ராஜாக்கள் இருப்பதாகப் பந்தயம் கட்டலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்கு முகத்தால் காட்டும் குறி மட்டும் சத்தியமாக இருக்க வேண்டும். கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஏஸ். புருவம் உயர்ந்தால் இரண்டு ஜோடிச் சீட்டு. கண்ணை மூடினால் கையில் ஒன்றுமில்லை. பொய்க்குறி காட்டியவனோடு நம் ஊரில் ஒருவரும் மேஜையில் உட்கார மாட்டார்கள். அவன் ஒரு கண்ணை மூடினால் மற்றது மூடுவதில்லை, உதட்டைக் கடித்தால் பாதிதான் மடிகிறது. அங்கே ஒருவன், “நீ பொய்க்குறி காட்டுற கிழவா” என்று சீட்டை வீசிவிட்டு எழுந்து போனானாம். இதைச் சொல்லும்போது எரமுன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் பாதிதான் வந்தது.

“என் மூஞ்சி பழசா இருக்கும்போதே அவ படிச்சவ. இது என்ன, பாதி அழிஞ்ச பலகைதானே. அவ படிச்சிருவா” என்றான்.

மீன் ஏலத்தில் விலை கேட்பவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனசை எழுதி வைத்தவள் நீ. நீ படித்துவிடுவாய், எனக்கும் தெரியும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பகலில் தெரெஷாவின் மதுக்கடைக்குப் போனோம். அவள் கல்லாவை விட்டு எழுந்து வந்து, “அட பாவி மனுஷா, உயிரோடதான் இருக்கியா! சாவு செய்தி வரலையேன்னு ஒவ்வொரு கோடையும் பார்க்கிறேன்” என்று அவன் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினாள். உள்ளே தொங்கும் பன்றித் தொடை ஹாமை இறக்கினாள். நான் எத்தனை வருடமாக அந்தக் கடைக்குப் போகிறேன்! எனக்கு எப்போதும் தட்டில் வருவது பாலாடைக்கட்டியின் ஓரம்தான். ஷெமார்த்தினும் அங்கே இருந்தான், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. சீட்டு வந்தது. தெரெஷாவும் ஷெமார்த்தினும் ஒரு பக்கம். எரமுனுக்கு எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஷெமார்த்தின், “ஐயோ, வாத்தியாரா? புனித ஜான் திருவிழா ஞாபகம் இருக்குல்ல?” என்று தலையில் கை வைத்தான்.

யாருக்கு மறக்கும்? எரமுன் கப்பல் ஏறிய மறு வருடம் நீ வேறு ஆள் இல்லாமல் என்னைக் கூட்டாளியாக்கிக்கொண்டாய். யோசித்தால் நான் உதட்டைக் கடிப்பேன். நல்ல விடை வந்தால் புருவத்தைத் தூக்குவேன். வகுப்பில் ஊறிய பழக்கம். நான் யோசிக்கும்போதெல்லாம் நீ எனக்கு இரண்டு ராஜா வந்ததாக நம்பினாய், பந்தயத்தை ஏற்றினாய், கோப்பையை மட்டுமல்ல, பந்தயமாக வைத்த கோழியையும் சேர்த்துத் தோற்றோம். வீடு வரும் வழியெல்லாம் சிரித்தாய். கதவைத் திறக்கும்போது, “உங்க மூஞ்சியோட வாழலாம், ஆட முடியாது” என்றாய். அதன் பிறகு நீ யாருடனும் ஆடவில்லை. நீ சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வாக்கியத்தை நான் சிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது சொல்லப்போவதை நம்புவாயா தெரியாது. முதல் கையிலேயே எரமுன் ஏதோ காட்டினான். மற்ற இருவருக்கும் அது ஒரு கிழவன் மூக்கைச் சுளித்தது போலத்தான் தெரிந்திருக்கும். உதடு மடியவில்லை. ஆனால் இடது தாடையில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. அவன் ராஜாக்களுக்கு உதட்டைக் கடிக்கும்போதெல்லாம், அந்தக் காலத்திலேயே, முதலில் அந்தக் குழிதான் விழும். “ஓர்தாகோ!” என்றேன், மொத்த ஆட்டத்தையும் ஒரே பந்தயத்தில் வைத்து. தெரெஷா சிரித்துக்கொண்டே ஏற்றாள். எரமுன் இரண்டு ராஜாவை விரித்தான், நான் ஒன்றை விரித்தேன். அவள் சிரிப்பு நின்றது.

அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். நாக்குக்கு முன்னால் இடது மூக்குத் துவாரம் அசைவது எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாதபோது கண் மூடுவதற்கு முன் தோள் அரை அங்குலம் இறங்குவது தெரியும். எரமுன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, “எப்பிடிய்யா? நீ மயாலென் மாதிரி படிக்கிற!” என்று கேட்டான்.

உங்கள் இருவரின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தவன் நான். நம் ஊர் வழக்கம், வேடிக்கை பார்ப்பவன் ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அடுத்தவர் சீட்டு கண்ணில் படக்கூடாது. நான் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரில் அவன் முகம். குளிர்காலம் முழுக்க, வாரம் தவறாமல், என் மனைவியைப் பார்த்து ஒருவன் உதட்டைக் கடிப்பதையும் நாக்கு நீட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. பிடிக்காத பாடம்தான் சில பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும்.

“வாத்தியாராச்சே, ஒரு தடவை பார்த்தா போதும்” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஆட்டத்தில்தான் தவறு செய்தேன். எல்லோரும் சீட்டைக் கையில் எடுத்த பிறகு, தெரெஷா தன் சீட்டை அடுக்கிக்கொண்டே, “மயாலென் இருந்திருந்தா இந்நேரம் எங்களை உரிச்சிருப்பா. அவதான் ஜாலியா பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு அங்க மோந்...” என்று தொடங்கினாள். அவளைப் பார்த்து நான் புருவத்தைத் தூக்கினேன். வகுப்பில் பேசுகிற பிள்ளையை நிறுத்துவதற்குத் தூக்குவேனே, அப்படி. அவள் நிறுத்தினாள். தன் சீட்டைத் திரும்பப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜோடிச் சுற்று வந்தபோது, ஜோடி இருக்கிறதா என்றால் இருக்கிறது என்று உண்மையாகவே சொன்னேன். நான்கு எண் போட்ட சீட்டு இரண்டு இருந்தது, பரம ஏழை ஜோடி. எரமுன் பந்தயம் கட்டினான். தெரெஷா தன் மூன்று ராஜாவும் இரண்டு ஜோடிக்குத் தோற்கும் என்பதால், “வேணாம்பா, வாத்தியாருக்கு ரெண்டு ஜோடி. மறந்து என் பக்கமே புருவத்தைக் காட்டிட்டாரு” என்று விலகினாள். கடைசியில் சீட்டை விரித்தபோது என்னிடம் இருந்தது அந்த இரண்டு நான்கும் இரண்டு உதிரிச் சீட்டும்.

“பொய்க்குறி!” என்று தெரெஷா போட்ட சத்தத்தில் கப்பல்காரர்கள் இரண்டு பேர் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். என் காது சூடாகிவிட்டது. நல்லவேளை, ஷெமார்த்தின் வயிறு குலுங்கச் சிரித்து, “விடு தெரெஷா! பள்ளிக்கூடம் முடிஞ்சதுன்னு அவர் புருவத்துக்கு இன்னும் யாரும் சொல்லலை” என்றான். அவளும் சிரித்துவிட்டாள். எடுத்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

எரமுன் மட்டும் சிரிக்கவில்லை. பாதி முகத்தால்கூட.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். படகு நேரம் வந்தது. நானே துறைவரை கூடப் போனேன். கொடி பிடித்தவள் வில்லை எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்தது சுருண்டு விழப்போனது, நான் அழுத்தி ஒட்டிவிட்டேன். அப்போது சொன்னான்: “வாத்தியாரே, அந்தப் புருவம் சீட்டுக்கு இல்லை. எனக்குத் தெரியும். அவ எங்க இருக்கான்னு நான் கேக்கலை. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.” தன் பெயரும் எண்ணும் அச்சிட்ட அட்டையை எடுத்து, நான் வாங்குவதற்குள் என் சட்டைப்பையில் தானே வைத்தான். “கொடுக்கணும்னு தோணினா கொடு. தோணலைன்னா அதுல மீன் முள்ளை எடு.”

படகு நகர்ந்ததும் அவன் கரைப்பக்கம் திரும்பி நின்றான். தோள் அரை அங்குலம் இறங்கியது. ஒரு கண் மூடியது, மற்றது மூடவில்லை. கையில் ஒன்றுமில்லை என்கிற குறி. அவன் அதைக் காட்டினானா, சூரியன் கண்ணில் அடித்ததா என்று எனக்குத் தெரியாது. நான் படித்ததைச் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது தெரெஷா கடை வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “வாத்தியாரே, பொண்டாட்டியை எந்தப் பெட்டியில வச்சுப் பூட்டலாம்னு இருக்கீங்க?” என்று கேட்டாள். உனக்குத்தான் இந்தப் பதில்.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். முள் எடுக்கவில்லை, ஒரு மூலை மட்டும் மடங்கியிருக்கிறது. அது நான் சட்டைப்பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்தது. அக்டோபரில் போ. போய் அவனுக்கு எதிரில் உட்கார். தாடைக் குழியைப் பார், தோளைப் பார். உதட்டுக்காகக் காத்திருக்காதே, அது வராது. பொய்க்குறி என்று எவனாவது சொன்னால் உன் ஏலக் கடைக் குரலில் பதில் கொடு. கோப்பை வென்றால் எனக்குச் சொல். நான் சந்தோஷப்படுவேன் என்று எழுதினால் அது முகத்தால் சொல்லும் பொய் ஆகிவிடும். வாயால் வேண்டுமானால் வாழ்த்துகிறேன்.

நீ முதலில் ஈஸ்டருக்குள் வருவதாகச் சொன்னாய். பிறகு குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாய். இப்போது அங்கே குளிர் போகட்டும் என்கிறாய். குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது, நான் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரி என்று தலையாட்டுகிறேன். என் முகம்தான் உனக்குத் தெரியுமே, அது என்ன சொல்கிறது என்று நீ பார்த்தாயா?

எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது, மயாலென். அத்தனை வருடம் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அவனுக்கு நீ காட்டிய முகத்தை நான் பார்த்ததே இல்லை. நல்ல சீட்டு வந்தால் உன் கண் எப்படி ஆகும், உதட்டைக் கடித்தால் எந்தப் பல் தெரியும், எனக்குத் தெரியாது. பாதி முகம் போனவனிடம் இதற்காக இன்னும் பொறாமைப்படுகிறேன்.

போட்டி முடிந்ததும் படகு மாறி, விமானம் மாறி வீட்டுக்கு வா. எனக்கு எதிரில் ஒரே ஒரு ஆட்டம். புருவத்தைக் கையால் பிடித்துக்கொண்டாவது ஆடுகிறேன். தோற்றால் பரவாயில்லை, கோழிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடலாம்.

ஒயானாவுக்கு என் அன்பு. லோரேயின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் வை. நீண்ட ஆயுளும், கண்ணைப் பார்த்துப் பேசும் ஆட்களும் அவளுக்கு வாய்க்கட்டும்.

உன் நாற்காலிக்கு ஒன்றுமில்லை. நாலு காலும் உறுதியாக இருக்கின்றன. வந்து உட்கார்.

உன்,
பத்தித்தா